பெருநாளன்று படகு கிடையாது

"மதினி, அண்ணன் போயிட்டாக" என்று பேச்சித்தாய் போனில் சொன்னதும், எங்கே போனார் என்று கேட்டுவிட்டேன். காலை ஏழு மணிகூட ஆகவில்லை. கையில் தோசைக் கரண்டி, கல்லில் முதல் தோசை, வெளியே பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பெருநாள் தக்பீர். அந்தச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று அவள் நினைத்திருக்க வேண்டும், "செத்துப்போயிட்டாக மதினி" என்று உடைத்துச் சொன்னாள். விடியக்காலை அஞ்சு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், ஆட்டோ தெருமுனைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். பேச்சித்தாய் என் நாத்தனார், என் புருஷனுடைய ஒரே தங்கை. பன்னிரண்டு வருஷத்தில் என்னோடு அவள் பேசியது மூன்று தடவை இருக்கும். மூன்றிலும் மதினி என்றுதான் கூப்பிட்டாள், அந்த உறவை நான் அறுத்துக்கொண்டு வந்தது அவள் வரைக்கும் போய்ச் சேரவே இல்லை என்பதுபோல. "ஐஸ் பெட்டியில வச்சிருக்கோம். நாளைக்கு மத்தியானம் எடுக்கதா பேச்சு. நீங்க வருவீகளா, மாட்டீகளான்னு இங்க எல்லாரும் கேக்காக." தோசை கருகும் வாசனை வந்தது. கல்லை இறக்கி வைத்தேன். "இன்னைக்கு இங்க ஹஜ்ஜுப் பெருநாள், பேச்சி. படகு கிடையாது" என்றேன். "அப்படியா" என்றாள். "எப்பம் விடுவாக?" "அஞ்சு நாள் லீவு." அவளுக்குப் பின்னால் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. "சரி மதினி, எதுக்கும் சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

படகு கிடையாது என்றது பொய் இல்லை. வெள்ளிக்கிழமையும் விடுமுறை நாளும் ஃபெர்ரி வராது, இது மாலத்தீவில் இந்தத் தீவின் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நான் கணக்கு டீச்சராக இங்கே வந்து நாலு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் ஒரு பெருநாளன்று படகுத்துறையில் குடையும் பையுமாகக் காத்து நின்று எல்லோரும் சிரிக்கும்படி திரும்பி வந்தவள் நான். ஆகவே பொய் இல்லை. ஆனால் அது முழு உண்மையும் இல்லை. எண்ணூறு பேர் இருக்கிற தீவு. இருபத்தைந்து நிமிஷத்தில் சுற்றி நடந்து புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். போன வருஷம் நோன்புப் பெருநாளன்று, பள்ளிக்கூடச் சுவர் கட்ட வந்த பங்களாதேஷ்காரருக்கு ஊரில் தம்பி தவறிவிட்டான் என்று செய்தி வந்தது. அந்த ஆளின் பெயர்கூடப் பாதிப் பேருக்குத் தெரியாது. இருபது நிமிஷத்தில் ஈஸாவின் ஸ்பீட் போட் விமான நிலையம் இருக்கிற தீவுக்குக் கிளம்பிவிட்டது. புது உடுப்பு போட்டிருந்த பெண்கள் துறையில் வரிசையாக நின்று அந்த ஆளை வழியனுப்பினார்கள், நானும் நின்றேன். ஈஸா, நான் குடியிருக்கிற வீட்டுக்காரி ஹவ்வாவின் புருஷன். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இந்தச் சுவரைத் தட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதனால் படகு இல்லாதது விஷயமில்லை. வாயைத் திறக்காமல் இருக்கிறேன், அதுதான் விஷயம். லீவு கேட்டு எழுத வேண்டியதும் இல்லை, லீவேதான். அப்படியானால் போகாததற்கு என்ன காரணம் இருக்கிறது? படகு கிடையாது. மறுபடி அங்கேயே வந்து நிற்கிறது.

குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றபோது கை தானாக ஸ்டிக்கர் பொட்டுக்குப் போனது. கண்ணாடியின் இடது ஓரத்தில் ஒட்டி வைத்திருப்பேன். எடுத்துவிட்டேன், விரல் நுனியில் நிற்கிறது, இனி என்ன செய்வது? நான் இப்போது யார்? விண்ணப்பப் படிவங்களில் எல்லாம் 'திருமணமானவர்' என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். விவாகரத்து அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, கோர்ட்டுக்கு அலைய எனக்குத் தெம்பு இல்லை. தாலியை, அவர் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்றே பஸ்ஸில் கழற்றிக் கைப்பையில் போட்டேன். இங்கே கழுத்தைப் பார்த்து யாரும் எதையும் முடிவு செய்வதில்லை, அதற்காகவே இந்த ஊர் எனக்குப் பிடித்தது. ஆனால் அங்கே போனால்? அங்கே போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், என் பெரியம்மாவுக்கு நடந்ததைப் பார்த்திருக்கிறேன். முதலில் குளிப்பாட்டுவார்கள். தலை நிறையப் பூ வைப்பார்கள், கை நிறைய வளையல் அடுக்குவார்கள், நெற்றியில் பெரிசாகக் குங்குமம். அப்புறம் எல்லாப் பெண்களும் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாக எடுப்பார்கள். பன்னிரண்டு வருஷமாகப் பொண்டாட்டியாக இல்லாதவளை ஒரு நாளைக்குப் பொண்டாட்டியாக ஆக்குவது, பறிப்பதற்கு. நினைக்கும்போதே மணிக்கட்டு குளிர்ந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் ஹவ்வா தைத்துக் கொடுத்த உடுப்பு தொங்குகிறது, அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே துணி, ஆரஞ்சு நிறம், எனக்கும் அதிலேயே ஒன்று. பொட்டை வைத்துக்கொண்டேன். ஆரஞ்சு உடுப்பைப் போட்டுக்கொண்டேன். துக்கமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பசி என்றுதான் பதில் வந்தது.

ஹரிராமுக்குப் போன் பண்ண வேண்டும். என் மகன், இருபது வயது, கோயம்புத்தூரில் மூன்றாம் வருஷம் படிக்கிறான். அவனுக்குச் சொல்லிவிட்டார்களா என்று பேச்சித்தாயிடம் கேட்காமல் விட்டது இப்போதுதான் உறைக்கிறது. அவள் சொல்லியிருப்பாள். கொள்ளி வைக்க அவன்தானே வேண்டும். போனை எடுத்தேன், அவன் பெயர் வரைக்கும் போனேன், வைத்துவிட்டேன். என்ன சொல்வது? அப்பா செத்துவிட்டார் என்றா, உன் அப்பா என்றா, தங்கமாரியப்பன் என்றா? எட்டு வயதில் அவனைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பியபோது ஏன் என்று அவன் கேட்கவில்லை. அதற்கப்புறமும் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல நான் ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன், வருஷா வருஷம் அதைச் சுருக்கி, கடைசியில் ஒரு வரிதான் மிஞ்சியது: உன் அப்பா என் சர்ட்டிபிகேட்டை எரித்துவிட்டார். அவர் அடிக்கிற ஆள் இல்லை. சத்தம் போடுகிற ஆளும் இல்லை. எனக்குத் தனியார் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, புறவாசலில் வெந்நீர் அடுப்பில் புகை ஒரு மாதிரியாக வருகிறதே என்று போய்ப் பார்த்தேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பி.எஸ்ஸி., பி.எட்., பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவி உருவி, உறையை மட்டும் பத்திரமாக மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தார். "வேலைக்குப் போனா நீ போயிருவ, கனி" என்றார். அழுதார். அந்த வெந்நீரில்தான் அன்றைக்கு ஹரி குளித்தான், நான்தான் ஊற்றினேன், வேறு என்ன செய்வது என்று தெரியாமல். போலீஸ் ஸ்டேஷனில் 'பேருந்துப் பயணத்தில் தவறவிட்டேன்' என்று எழுதிக் கொடுத்தேன். பேப்பரில் விளம்பரம் போட்டேன். ஒன்றரை வருஷம் கழித்து எல்லாம் திரும்ப வந்தது, ஒவ்வொன்றின் மேலேயும் 'நகல்' என்று சிவப்பு முத்திரையோடு. இந்தத் தீவுக்கு வேலைக்கு எடுத்த அதிகாரி அந்த முத்திரையைக் காட்டி, அசல் எங்கே என்று கேட்டார். பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்றேன். பொய்தான், ஆனால் அத்தனை தடவை சொன்னதில், யார் கேட்டாலும் எனக்கு இப்போது அந்தப் பஸ்தான் ஞாபகம் வருகிறது, ஜன்னலோரம், மடியில் உறை, காற்று.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஹவ்வா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவளை நான் தாத்தா என்றுதான் கூப்பிட வேண்டும், இவர்கள் மொழியில் தாத்தா என்றால் அக்கா. முதல் மாதம் முழுக்க அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். பாய் விரித்து நடுவில் சோறு, சூரை மீன் குழம்பு, ரொட்டி, எனக்கென்று தனியாகப் பருப்பு, ரோஜா நிறத்தில் பால் சர்பத். தீட்டு வீட்டில் சாப்பிடக் கூடாது. இது தீட்டு வீடா? தீட்டு எங்கே இருக்கிறது, அவர் கிடக்கிற கோவில்பட்டியிலா, என் உடம்பிலா? கடல் தாண்டி வருமா? பசித்தது, சாப்பிட்டேன், இரண்டாம் தடவையும் பருப்பு வாங்கிக்கொண்டேன். "மிஸ், கண்ணு சிவந்திருக்கு" என்றாள் ஹவ்வா. "சோப்பு பட்டுடுச்சு" என்றேன். எதிரே ஈஸா. அவருக்குப் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தவர் ஹவ்வாவின் முதல் புருஷன். இதுவும் முதல் மாதம் எனக்கு விழுங்க முடியாமல் இருந்த விஷயம். "இவன் என் முதல் புருஷன், இவன் இப்போதைய புருஷன்" என்று ஒரே மூச்சில் அறிமுகம் செய்துவைத்தாள், இரண்டு மேசைகளைக் காட்டுகிறவள் மாதிரி. அந்த ஆளோடு ஏதோ பெரிய சண்டை, வீட்டை விட்டுத் துரத்தினாளாம், அவர் போய்ச் சேர்ந்தது இரண்டு வீடு தள்ளி இருக்கிற அம்மா வீட்டுக்கு. அதற்கு மேல் போவதற்குத் தீவில் இடம் இல்லை. எனக்கு இருந்தது. நான் முதலில் மதுரைக்குப் போனேன், அப்புறம் இங்கே வந்தேன், போய்க்கொண்டே இருக்க எனக்கு இடம் இருந்தது. சாப்பிட்ட தட்டுகளைக் கழுவும்போது கேட்டேன்: "தாத்தா, அவர் செத்துப்போனா நீ போவியா?" "யாரு?" "முதல் ஆள்." ஹவ்வா சிரித்தாள். "எங்க போறது? ரெண்டு வீடு தள்ளித்தானே கிடப்பான். சோறாக்கி எடுத்துட்டுப் போவேன், அவங்க அம்மாவுக்கு முடியாதுல்ல." அப்புறம் என்னை உற்றுப் பார்த்தாள். "ஏன் கேக்கற, மிஸ்?" அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. வெளியே கொட்டுச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. "சும்மா" என்றேன்.

அறைக்கு வந்து படுத்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் வாளி வாளியாகத் தண்ணீரை ஒருவர் மேல் ஒருவர் ஊற்றிக் கத்துகிறார்கள், பெருநாள் மத்தியானத்தில் இது உண்டு, பெரியவர்களும் தப்ப முடியாது. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நாளை மத்தியானம் வரைக்கும் இப்படியே கிடந்தால் எல்லாம் தானாக முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். பேச்சித்தாய் சாயங்காலம் கூப்பிடுவாள், கிடையாது என்பேன், அவள் சரி மதினி என்பாள், எடுத்துவிடுவார்கள். ஊரில் நாலு பேர் பேசுவார்கள். பேசட்டும். நான் ஒரு தப்பும் செய்யவில்லை, பெருநாளன்று படகு கிடையாது. போன் அடித்தது. ஹரி. "ம்மா" என்றான். பஸ் சத்தம். "எங்கடா இருக்க?" "திருமங்கலம் தாண்டிட்டேன். அத்தை காலையிலயே போன் பண்ணிட்டாங்க. உன்கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல, அதான் நானும் பண்ணல." இரண்டு பேரும் ஒரே காரணத்துக்காகப் பண்ணாமல் இருந்திருக்கிறோம். "உனக்குப் படகு இல்லையாம்ல" என்றான். "ஆமா." "சரிம்மா. பரவால்ல." அப்புறம் சொன்னான்: "ம்மா, ஒண்ணு கேக்கணும். மொட்டை போடணுமாம். மீசையும் எடுக்கணும்னாங்க. செய்யட்டுமா?" என்னிடம் அனுமதி கேட்கிறான் என்பது புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. என் பக்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் போகலாமா என்று கேட்கிறான். "செய்யிடா" என்றேன். "எல்லாம் செய்யி." "ம்ம். அங்க எனக்கு யாரையும் தெரியாதும்மா. அத்தையவே மூஞ்சி ஞாபகம் இல்ல. சுடுகாட்டுக்குப் பொம்பளைங்க வரமாட்டாங்கன்னு தெரியும். அங்க நான் பாத்துக்கறேன். திரும்பி வீட்டுக்கு வரும்போது தெரிஞ்ச ஆள் ஒருத்தராவது இருந்தா நல்லாருக்கும்னு நெனச்சேன். அவ்ளோதான். படகு இல்லன்னா விடு." கண்டக்டர் ஏதோ கத்தினார், லைன் அறுந்துவிட்டது.

உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம் இருக்கும். காலையிலிருந்து ஏழு எட்டு மணி நேரமாக நான் யோசித்ததில் என் நெற்றி இருந்தது, என் மணிக்கட்டு இருந்தது, என் சர்ட்டிபிகேட் இருந்தது, மொட்டைத் தலையோடு ஈர வேட்டியில் ஒரு வாசலில் வந்து நிற்கப்போகிறவன் மட்டும் இல்லை. இதற்காக என்னைத் திட்டிக்கொள்ளக்கூட நேரம் இல்லை, மணி இரண்டரை. செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். தெருவில் பெருநாள் ஊர்வலம், தென்னை ஓலையில் முடைந்த பெரிய மீன், ஒரு படகு நீளம், முப்பது பேர் அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். முன்னால் பேய் வேஷக்காரர்கள், உடம்பெல்லாம் கரி, இடுப்பிலும் தலையிலும் இலை தழை, கொட்டுக்கு ஏற்ற ஆட்டம். யாரோ என் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார்கள். ஹவ்வா கூட்டத்தில் கைதட்டிக்கொண்டு நின்றாள். அவள் காதருகே போய், அவள் மொழியில் சொன்னேன். அந்த மொழியில் மனிதர் சாவுக்கு மரியாதையாக ஒரு சொல் உண்டு, மீனுக்கும் பூனைக்கும் சொல்கிற சாதாரணச் சொல் ஒன்றும் உண்டு. எனக்கு வாயில் வந்தது இரண்டாவதுதான். "என் புருஷன் செத்துட்டான்." ஹவ்வா முதலில் சிரித்துவிட்டாள், நான் எதையோ தப்பாகச் சொல்கிறேன் என்று. நான்கு வருஷமாக எனக்குப் புருஷன் இருப்பதாக அவளிடம் சொன்னதில்லை. பிறகு முகத்தைப் பார்த்தாள். "எப்ப?" "காலைல." "காலைலயா? என் வீட்டுல உக்காந்து சாப்ட்டியே, மிஸ்! தட்டெல்லாம் கழுவினியே!" கோபமா, அழுகையா என்று தெரியவில்லை, என் ஈரத் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள். திரும்பி, அந்தக் கொட்டுச் சத்தத்துக்கும் மேலே, "ஈஸா!" என்று கத்தினாள்.

பேய்களில் ஒன்று நின்றது. அப்புறம் கொட்டு நின்றது. மீனை அப்படியே தெருவில் போட்டுவிட்டார்கள். எனக்கு அடுத்த கால் மணி நேரம் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. ஹவ்வா என் பெட்டியில் துணியைத் திணிக்கிறாள், பாஸ்போர்ட் எங்கே என்று நான் தேடுகிறேன், அது எப்போதும் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. யாரோ விமான நிலையத்துக்குப் பேசி, தலைநகருக்குப் போகிற சாயங்கால விமானத்தில் ஒரு இடமும் நாளைக் காலைத் திருவனந்தபுரம் விமானத்தில் ஒரு இடமும் பிடித்துவிட்டார்கள். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு துறைக்கு முன்னால் ஓடுவது ஹவ்வாவின் முதல் புருஷன். ஆரஞ்சு உடுப்பை மாற்றினேனா? மாற்றினேன், நீலச் சேலை. துறையில் ஈர உடுப்போடு, கரி முகத்தோடு, ஊரே நின்றது. என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஹவ்வா ரொட்டிப் பொட்டலத்தை மடியில் வைத்து, "வழியில சாப்பிடாம இருக்காத" என்றாள். படகு தீவை விட்டு விலகிய பிறகுதான் பார்த்தேன், சக்கரத்தைப் பிடித்து நின்ற ஈஸா இன்னும் வேஷத்தைக் கலைக்கவில்லை. இடுப்பில் தழை, தலையில் தழை, அலைத் தெறிப்பில் கரி கோடு கோடாகக் கரைந்து முதுகில் வழிகிறது. ஒரு பேய் என்னை ஓட்டிக்கொண்டு போகிறது. சிரிப்பு வந்தது, அடக்கினேன்.

சிக்னல் போவதற்கு முன் பேச்சித்தாயைக் கூப்பிட்டேன். "வர்றேன், பேச்சி. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்துருவேன், காத்திருங்க." "படகு கிடைச்சிருச்சா மதினி?" "காலைல நான் கேக்கவே இல்ல. இப்பதான் கேட்டேன்." அவளுக்கு அது புரிந்ததா தெரியவில்லை. "ஒண்ணு சொல்லணும் பேச்சி. எனக்குப் பூ வைக்க வேண்டாம். வச்சு எடுக்கவும் வேண்டாம். நான் ஹரிக்காக வர்றேன், அவன் கூட வாசல்ல நிப்பேன், அவ்வளவுதான்." "பெரியவங்க ஏதாவது சொல்லுவாக மதினி" என்றாள் மெதுவாக. அப்புறம் அவளே, "நீங்க வாங்க. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். ஹரிக்கு ஒரு செய்தி அனுப்பினேன், வருகிறேன் என்று ஒரே வார்த்தை. போனதா என்று பார்ப்பதற்குள் சிக்னல் அணைந்துவிட்டது. நடுக்கடலில் ஈஸா திரும்பிக் கேட்டார்: "நல்ல மனுஷனா, மிஸ்?" சொல்லலாம். இவருக்கு அந்தப் பஸ் கதையைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, இவர் அதிகாரி இல்லை, உள்ளதைச் சொல்லலாம். வாயைத் திறந்தபோது வேறு ஒன்றுதான் வந்தது. பருத்தி கோடவுன் தெரு, வெயில், ஹரியின் சின்ன சைக்கிள், பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு சட்டை முழுக்க நனைய ஓடுகிறார், எப்போதோ கையை விட்டுவிட்டார், விட்டது தெரியாமல் பிள்ளை ஓட்டிக்கொண்டே போகிறான், அவர் வெறுங்கையோடு பின்னாலேயே ஓடுகிறார். "என் பையனுக்கு சைக்கிள் கத்துக்கொடுத்தார்" என்றேன். ஈஸா தலையை ஆட்டினார், தழை ஒன்று உதிர்ந்து தண்ணீரில் விழுந்தது. மற்றதை நான் சொல்லவில்லை, எஞ்சின் சத்தத்தில் கேட்டிருக்கவும் செய்யாது. தூரத்தில் விமான நிலையத் தீவு ஒரு கோடாகத் தெரிந்தது. இங்கே ஊரைவிட மணி அரை மணி நேரம் பின்னால். கைக்கடிகாரத்தைக் கழற்றி, முள்ளைத் திருகி, ஹரி இறங்குகிற ஊரின் நேரத்துக்கு வைத்தேன்.